சத்தம் வராத வேலைக்கு அனுமதி உண்டு

3 பிப்ரவரி 2025, திங்கள்

இன்று வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

எடுத்த நாவலைப் படிக்காமலே திருப்பிக் கொடுக்கத்தான் நூலகத்துக்குப் போனேன். இடுப்பில் அபிநயா. உள்ளே வாசகர் வட்டக் கூட்டம். நூலகர் அறிவுச்செல்வன் சார் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க மேடம், பெண் வாசகரும் வந்துட்டாங்க" என்று, ஏதோ ஊர்ப் பெண்கள் எல்லோரும் பேசி வைத்து என்னை அனுப்பினது போல முன்வரிசையில் உட்கார வைத்தார். குறை இருந்தால் சொல்லலாம் என்றார். ஆண்கள் ஆளுக்கொரு தடவை மின்விசிறியைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லிவிட்டேன்: "பொம்பளைங்க வந்தா உக்கார எடமே இல்ல சார்."

ஏன் சொன்னேன்? பெண்குலத்துக்காகவா? எனக்காக. எனக்கு வேண்டியது இரண்டு மணி நேரம். ஒரு நாற்காலி, ஒரு புத்தகம், யாரும் "எழிலு" என்று கூப்பிடாத ஓர் இடம். அபி பிறந்து இரண்டரை வருஷத்தில் ஒரு புத்தகத்தைக்கூட முடித்ததில்லை. ஹாஸ்டலில் விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தவள் நான். இப்போது பத்துப் பக்கம் தாண்டினால் பால் பொங்கிவிடுகிறது.

6 பிப்ரவரி, வியாழன்

நூலக வாசலில் போர்டு எழுதிவிட்டார்கள். மார்ச் முதல் ஒருவருக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புத்தகம். செய்தித்தாளைத் தாள்தாளாகப் பிரிக்கக் கூடாது. அப்புறம் அது — புதன்கிழமைகளில் மதியம் பூட்டாமல், இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும். ஏப்ரல் முடிய சோதனை முறையில்.

இதை நான் படிக்கவில்லை. வேடியப்பன் ஐயா படித்ததைத் தெருமுனையிலேயே கேட்டேன். கச்சிராயபாளையம் டவுன்பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மெதுவாகப் பேசினாலே கடைசி சீட்டுக்குக் கேட்கும். பெண்கள் நேரம் அவருக்குப் பிரச்சினை இல்லை. பேப்பரைப் பிரிக்கக் கூடாது என்பதுதான் பொறுக்கவில்லை. இங்கே ஒரு பேப்பரை நாலு பேர் பிரித்துப் படிப்பதுதான் வழக்கம். விளையாட்டுப் பக்கம் கிடைத்தவர் கொலைப் பக்கத்துக்காகக் காத்திருப்பார். "முழு பேப்பரையும் ஒருத்தனே வெச்சிக்கினா, மத்தவன் இன்னா அவன் மூஞ்சியப் பாத்துக்கினு குந்திருக்கணுமா?" என்று போர்டிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

நூலகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்கள நம்பித்தான் மேடம் மேல பேசி வாங்கியிருக்கேன். ஆளு வரலன்னா மே மாசத்துலேருந்து பழையபடி பூட்டுதான்."

என்னை நம்பியா? கேஸை அணைத்தேனா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறவளை நம்பியா?

20 பிப்ரவரி, வியாழன்

அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், புதன்கிழமை விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

5 மார்ச், புதன்

முதல் புதன். "அபிக்குக் கதை சொல்றாங்களாம் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அத்தை கூடத்து மூலையில் கிடக்கும் புளி மூட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதுவே போதும்.

நூலகத்தில் நான், அபி, நூலகர். அவ்வளவுதான். மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிற மனிதர் பாவம், பீரோவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் டிபன் பாக்ஸைத் திறந்தார். வேடியப்பன் ஐயா வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே மேசையில் விரித்துக் கிடந்த பேப்பரை எட்டிப் படித்தார். "எம்மா, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திருப்பு" என்பார். திருப்பினேன். அபி அடித்தட்டுப் புத்தகங்களை எல்லாம் தரையிறக்கினாள். அடுக்கினேன். மறுபடி இறக்கினாள்.

அன்றைக்குத் திருப்பிக் கொடுக்காமல் புதுப்பித்துக்கொண்டு வந்த நாவலைத் திறக்கவே இல்லை.

8 மார்ச், சனி

மகளிர் தினமாம். என் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜா அனுப்பியிருந்தார். அடுத்த மெசேஜில் நீலச் சட்டை எங்கே என்று கேட்டிருந்தார்.

10 மார்ச், திங்கள்

குழாயடியில் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவைக் கெஞ்சினேன். புதன்கிழமை ஒரே ஒரு தடவை வாங்கக்கா, உட்கார்ந்தால் போதும் என்றேன்.

"சும்மா போயி குந்திக்கினு வந்தா, ஊரு இன்னா பேசும் என்னைய?"

"சும்மா இல்லக்கா. படிக்கத்தான்."

"அதத்தாண்டி சும்மான்னு சொல்றேன்."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த ஊரில் எந்தப் பெண்ணும் கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டி.வி. பார்க்கும்போதுகூடக் கீரை ஆய்கிறார்கள். இப்போது புளிக் காலம் வேறு. மலையிலிருந்து வந்த மூட்டை ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிறது.

நாளை மறுநாள் ஒன்று செய்து பார்க்கலாமா? திட்டுவார்களா? யார் திட்டுவார்கள்?

12 மார்ச், புதன்

புளியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்!

நூலகர் பையை எட்டிப் பார்த்தார். "மேடம்... இது?" கொட்டை எடுக்கணும் சார், இல்லன்னா வீட்ல விடமாட்டாங்க என்றேன். அவர் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வெற்றிலை, புகையிலை, குடை, செருப்பு எல்லாம் இருந்தது. புளியைப் பற்றி ஒரு வரி இல்லை. "தடை இல்லைன்னா அனுமதின்னுதான் அர்த்தம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

பாப்பாத்தி அக்கா கடைக்குப் போகிற வழியில் ஜன்னலுக்குள் பார்த்தார். நின்றார். "இன்னாடி, வேலை எடுத்துக்கினு வரலாமா? இத மொதல்லயே சொல்றதில்ல?"

19 மார்ச், புதன்

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

இன்று நூலகம் நிரம்பிவிட்டது. முறம், கோணி, புளி உடைக்கிற சின்னச் சுத்தியல். எல்லோருக்கும் முன்னால் யார் வந்தது? என் மாமியார் கொளஞ்சியம்மாள்! "கரண்டு பில்லு இல்லாம ஃபேனு ஓடுது, வூட்ல எதுக்கு வேத்துக்கினு குந்தணும்?" என்று சொல்லி, 'அமைதி காக்கவும்' போர்டுக்கு நேர் கீழே கோணியை விரித்தார். டொக், டொக், டொக். நூலகர் பீரோவுக்குப் பின்னாலிருந்து வரவே இல்லை.

"எழிலு, ஏதாவது படி. காது சும்மாத்தான கீது" என்றார் அத்தை.

அபியின் படக்கதைதான் கையில் இருந்தது. ஒரு நரி ஆற்றைக் கடக்க ஆமையின் முதுகில் ஏறுகிற கதை. இரண்டு வரி படிப்பதற்குள் பஞ்சாயத்து.

"நரிக்கு நீச்சல் தெரியுமே. அது எதுக்கு ஆமை மேல ஏறுது?" இது எதிர் வீட்டுச் சாலம்மாள் அக்கா.

"சோம்பேறி" என்றார் அத்தை. "பொறத்தியார் முதுகுல போயே பழகிப்போச்சி. நம்ம வூட்லயும் ஒன்னு கீதே, சட்டை எங்கன்னு கேட்டுக்கினு."

பெற்ற மகனைச் சொல்கிறார்! நான் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

நான்கு மணி வரை படித்தேன். நரி, வாரப் பத்திரிகையில் ஒரு தொடர், ராசிபலன். எனக்கு விருச்சிகம், வீண் அலைச்சலாம்.

சந்தோஷம்தான். ஆனால் என் நாவல்?

20 மார்ச், வியாழன்

அபி இரண்டு தடவை தும்மினாள். செல்போன் டார்ச் அடித்து மூக்குக்குள் பார்த்தேன். புளியங்கொட்டை இல்லை. காதையும் பார்த்தேன்.

24 மார்ச், திங்கள்

எறும்பு. நூலகத்தில் எறும்பு. வரலாற்று அலமாரி முழுக்க ஏறிவிட்டதாம். வேடியப்பன் ஐயா கள்ளக்குறிச்சி மாவட்ட நூலக அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டார்: கொலைப் பக்கமும் ராசிபலன் பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் எது யாருக்கு நேர்ந்தது என்றே தெரியவில்லை, புளி வாசனையில் படிக்கும்போதே பசிக்கிறது. புதன்கிழமை அதிகாரி வருகிறாராம். மதிய நேரத்தை நிறுத்திவிட்டுப் போகத்தான் வருகிறார் என்று நூலகர் சொன்னார். அவர் முகம் பார்க்க முடியவில்லை.

எல்லாம் என்னால். நான்தான் முதலில் பையோடு போனேன். இன்னா பொம்பள நான்? படிக்கணும்னா வீட்லயே ஒரு மூலையில் உக்காந்து படிச்சிருக்கலாம் இல்ல?

26 மார்ச், புதன்

யாரும் புளி கொண்டுவராதீர்கள் என்று நேற்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள். எல்லோரும் கொண்டுவந்தார்கள்.

அதிகாரி ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். வாசலிலேயே நின்றுவிட்டார். "இது நூலகமா, புளி மண்டியா?"

நூலகர் விதிமுறைப் புத்தகத்தைத் தேடினார். நான் எழுந்தேன். அத்தைதான் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ரெண்டும்தாம்மா. கை புளிக்கு, காது பொஸ்தகத்துக்கு. வாங்க, குந்துங்க. நின்னுக்கினே எவ்ளோ நேரம் திட்டுவீங்க?"

பெஞ்சில் எல்லாம் முறம். வேறு வழியில்லாமல் அந்த அம்மா அத்தையின் கோணி ஓரத்தில் உட்கார்ந்தார். "படிங்க, நீங்க இன்னா படிக்கிறீங்கன்னு கேக்கறேன்" என்றார் என்னிடம். தொடரின் அடுத்த பகுதியைப் படித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அந்த அம்மாவின் கையில் ஒரு புளி இருந்தது. யாரும் கொடுக்கவில்லை. ஓட்டை நீக்கி, நரம்பை உருவி, கொட்டையைத் தட்டில் போட்டார். அடுத்ததை எடுத்தார். அத்தை பாப்பாத்தி அக்காவின் தொடையைக் கிள்ளினார்.

அத்தியாயம் முடிந்ததும், "அப்புறம் அந்தப் பொண்ணு திரும்பி வந்தாளா?" என்றார் அதிகாரி. அடுத்த வாரம்தான் தெரியும் என்றேன்.

கை கழுவிக்கொண்டு போகும்போது நூலகரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மாலையில் போர்டில் புது வரி: "புளி தவிர்க்கவும். சத்தம் வராத, ஒட்டாத கைவேலைகளுக்கு அனுமதி உண்டு."

2 ஏப்ரல், புதன்

தொண்டை போய்விட்டது. காற்றுதான் வருகிறது. இன்று பூக் கட்டுகிறவர்களும் கடலை உரிக்கிறவர்களுமாக இருபது பேர் இருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

ஜன்னலுக்கு வெளியே வேடியப்பன் ஐயா, வழக்கம்போல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அத்தை அவரைப் பார்த்தார். "ஏண்ணே, அங்கேருந்து எட்டிப் பாக்கறதுக்கு உள்ளாற வந்து சத்தமாப் படியேன்."

"பொம்பளைங்க நேரத்துல ஆம்பள எதுக்குக்கா?" என்றார் சாலம்மாள் அக்கா.

"அது ஆம்பள இல்லடி. ரேடியோ."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த வேகம்! மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், தொண்டையைச் செருமினார். தொடரில் வருகிற மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல், போலீசுக்கு ஒரு குரல். அத்தியாயம் முடிந்ததும், "எறங்கறவங்கல்லாம் எறங்கு, ரைட்!" என்றார். அபி கைதட்டினாள். எனக்கு ஒரு நாளும் கைதட்டினதில்லை.

9 ஏப்ரல், புதன்

"தொண்டை இன்னும் சரியாவல. நீ வூட்ல இரு. அபிய நான் இட்டுக்கினு போறேன்" என்று சொல்லி, அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அழுகையாக வந்தது. கேட்டு வாங்கினது நான். வீடு வீடாக அலைந்தது நான். இப்ப நானே வேணாமா? கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். பிறகு அபி கடலையை மூக்கில் போட்டுக்கொண்டால் யார் பார்ப்பார்கள் என்று தோன்றி, செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைவரை ஓடினேன். அங்கேயே வேடியப்பன் ஐயா குரல் கேட்டது. நடுவில் அபி கெக்கெக்கென்று சிரிக்கிறாள். திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் — ஒரு சத்தம் இல்லை. ஃபேன் மட்டும்.

நின்றேன். என்ன செய்வது என்றே தெரியவில்லை. அப்புறம் நாவலை எடுத்தேன்.

16 ஏப்ரல், புதன்

தொண்டை திங்கட்கிழமையே சரியாகிவிட்டது. "வர்றியாடி?" என்று அத்தை கேட்டார். "நம்ம வயல்ல கரும்பு வெட்டுறவங்க வந்தா டீ போட ஆளு வேணுமே அத்தை" என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்ததா?

எண்பத்தாறாம் பக்கம்.

30 ஏப்ரல், புதன்

சோதனைக் காலம் முடிந்தது. புதன் மதியம் இனி நிரந்தரம் என்று போர்டில் எழுதிவிட்டார்களாம். அத்தை வந்ததும் வராததுமாகச் சொன்னார். நூலகர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். என்னை விசாரித்தாராம், மேடம் ஏன் வருவதில்லை என்று.

"நீங்க இன்னா சொன்னீங்க அத்தை?"

"இன்னா சொல்றது? அவளுக்குப் படிப்புல அவ்ளோ நாட்டமில்ல சார்னு சொல்லிட்டேன். கோச்சிக்காத."

கோபம் வரவில்லை. மூன்றரை மணிக்குத்தான் கடைசிப் பக்கத்தை முடித்திருந்தேன். முடித்துவிட்டு அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கையில் ஒரு வேலையும் இல்லாமல்.

"இல்ல அத்தை, கோவமில்ல" என்றேன். "திங்கக்கிழமை மதியமும் தொறந்து வெச்சா நல்லாருக்கும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா சார் கேப்பாரு."