லாரி டியூபில் வெட்டிய நெற்றிச் சின்னம்

என் ஆசை மாமாவுக்கு,

செத்துப்போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் கண்ணீரோடுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. யோவ், உன் பொண்டாட்டி சினிமாவில் நடித்துவிட்டாள்! பெரிய சினிமா இல்லை, நம் மகள் திவ்யா காலேஜுக்காக எடுத்த குறும்படம். வேறு கிரகத்திலிருந்து எண்ணூர்க் கடற்கரையில் வந்து இறங்குகிற விண்கலத்துக்கு நான்தான் தலைவி. நம்புகிறாயா?

முதலில் வீட்டுச் சேதி. கடை நன்றாக ஓடுகிறது. நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறேன். பெரிய டயரைக் கழற்றி மாட்ட மட்டும் ஆள் வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிக்காரர்களுக்கு நான் 'பஞ்சர் அக்கா'. வரிசை நகராத நேரத்தில் இறங்கி வந்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். தலைவியாக நடிக்க இருந்த திவ்யாவின் தோழிக்கு அம்மை போட்டுவிட்டது. இவள் நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"நீ நடிம்மா."

"போடி, எனக்கு இன்னா தெரியும்?"

"லாரிக்காரங்கள அதட்டுற இல்ல, அதே மாரி அதட்டு. அவ்ளோதான் கேப்டனு."

உடுப்பு தயாராக இருந்தது. பழைய மழைக்கோட்டுக்கு வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தாள். நெற்றிச் சின்னம்தான் பாக்கி. அந்தக் கிரகத்தில் யார் தலைவி என்பது நெற்றியைப் பார்த்தால்தான் தெரியுமாம்.

அந்தச் சின்னத்தை வரைவதற்குள் அவள் பட்ட பாடு இருக்கிறதே! நேராகக் கோடு போட்டால் நாமம். குறுக்கே போட்டால் பட்டை. பிறை போட்டால் அம்மன். வட்டம் போட்டால் பொட்டு. "இன்னாம்மா இது, நம்மூரு நெத்தில ஒரு எடங்கூட காலியா இல்லியே" என்று பென்சிலைத் தூக்கிப் போட்டாள். கடைசியில் கடையில் கிடந்த வீல் நட்டைப் பார்த்து ஆறு மூலை வரைந்தாள். அதற்கு எந்தச் சாமியும் சொந்தம் கொண்டாட வரவில்லை.

அட்டையில் வெட்டிப் பார்த்தோம். நெற்றி வளைவுக்குப் பணியாமல் தகடு போல நின்றது. ஃபோமில் வெட்டினோம், பெயிண்ட் பட்டதும் சுருண்டுகொண்டது. அப்புறம் நான் ஒரு பழைய லாரி டியூபை எடுத்து வெட்டிக் கொடுத்தேன். டியூபுக்கு வளைவைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வெள்ளி பெயிண்ட் அடித்தோம். நடுவில் ஒட்டுவதற்காக, லாரிக்குப் பின்னால் மின்னுமே, அந்தச் சிவப்பு ரிஃப்ளெக்டரில் ஒரு துண்டை அவள் வட்டமாக நறுக்கினாள். நீ இருந்திருந்தால் அதைக் கடையில் மாட்டி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டியிருப்பாய்.

இதை எதை வைத்து ஒட்டுவது? ரப்பர் என்றதும் என் ஒரு கை தானாகவே பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை எடுத்தது, இன்னொரு கை அரத்தை எடுத்தது. ஒட்டுகிற இடத்தை முதலில் அரம் போட்டுத் தேய்த்தால்தானே பிடிக்கும்? திவ்யா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா! அது டியூபு இல்ல, உன் நெத்தி!"

ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் அவள் வண்ணாரப்பேட்டைக்குப் போய், பொய் இமை ஒட்டுகிற பசையை வாங்கி வந்தாள்.

மறுநாள் காலை எண்ணூர்க் கடற்கரையில், காத்திவாக்கத்துப் பக்கம் ஒரு படகு நிழலில் உட்கார வைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் என் நெற்றியின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாள். ரப்பரில் பசையைத் தடவி ஈரத்தோடு அழுத்த வந்தாள், அவசரக்காரி.

"இருடி. கொஞ்சம் காயட்டும். பஞ்சருன்னா இன்னா, நெத்தின்னா இன்னா?"

காய்ந்தது. எடுத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்தாள். அதுவரைக்கும் அது எனக்கு வெறும் ரப்பர் துண்டு, மாமா. எதிரே வந்த பிறகுதான் நடுவில் இருந்த அந்தச் சிவப்பு வட்டம் கண்ணில் பட்டது. என்னையறியாமல் கையால் நெற்றியை மூடிக்கொண்டேன்.

நீ போனதிலிருந்து அங்கே நான் எதையும் வைத்ததில்லை. காரியத்தன்று உன் அக்கா கோமளா அண்ணிதான் என் பொட்டை அழித்தார்கள். அழுதுகொண்டேதான் அழித்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. தினமும் கண்ணாடி முன்னால் தலையை மட்டும் வாரிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

"வேணான்டி. கன்னத்துல ஒட்டிடு."

"கேப்டனுக்கு கன்னத்துல ஒட்டுனா மரு மாரி இருக்கும்மா" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக என் கையை இறக்கினாள். "அந்த கெரகத்துல புருஷன் செத்தா பொம்பள நெத்திய யாரும் தொடமாட்டாங்கம்மா. கதைய எழுதுனவ நானு. எனக்கு தெரியாதா?"

கண்ணை மூடிக்கொண்டேன். ஒட்டினாள். எல்லாவற்றையும் யோசித்துத்தான் எனக்கு இந்த வேஷத்தைக் கொடுத்தாளா? இன்னும் நான் கேட்கவில்லை.

நடிப்பைப் பற்றிக் கேள். பின்னால் புகைபோக்கிகள், முன்னால் கடல், நடுவில் மழைக்கோட்டில் நான். "இந்தக் கிரகத்துக்கு யார் பொறுப்பு?" என்று கேட்க வேண்டும். உனக்குத் தெரிந்த என் தொண்டையில் கேட்டேன். அந்தப் பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று, "நாங்க இல்லம்மா!" என்றார்கள். கேமரா பிடித்த பெண் சிரித்ததில் அந்தக் காட்சியை மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.

மதியச் சாப்பாட்டுக்கு, படம் எடுக்கிற சேதி கேட்டு அண்ணி மீன் குழம்புத் தூக்கோடு வந்தார்கள். அவர்கள் வீடுதான் அங்கே பக்கத்தில் இருக்கிறதே, இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? அண்ணி என் நெற்றியைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்கள்.

"இன்னாடி வசந்தா இது?"

"சின்னம் அண்ணி... படத்துக்கு" என்றேன். கேப்டன் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. திவ்யா எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். அண்ணி அவளை ஒதுக்கிவிட்டு, தூக்கை மணலில் வைத்துவிட்டு, என் நெற்றிக்குக் கையை நீட்டினார்கள். அன்றைக்கு அழித்த அதே கை. பிய்த்துவிடப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

"ஓரம் தூக்கிக்கினு கீது. காத்துல பூடும். கொஞ்சம் குனி."

குனிந்தேன். கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார்கள். பசை எப்போதோ பிடித்துவிட்டது, அவர்கள் விரலை எடுக்கவில்லை.

"உன்ன வெறும் நெத்தியோட பாக்க எனக்கே பேஜாரா இருந்துச்சு" என்றார்கள். "நீயா வெப்பன்னு நானு இருந்தேன். நான் சொல்லுவன்னு நீ இருந்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ரெண்டு பேரும் அழுதோம், அப்புறம் அந்த மழைக்கோட்டைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொழம்பு ஆறுது, வந்து துன்னு கேப்டனு" என்றார்கள்.

மறுநாள் காலை ஒரு ஸ்டிக்கர் பொட்டை வைத்துக்கொண்டு கடையைத் திறந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டிரைவர் மட்டும், "இன்னாக்கா, இன்னிக்கு ஷோக்கா கீற?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது, போ.

நீ தாலி கட்டுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே என் நெற்றியில் பொட்டு இருந்தது, மாமா. நீ கொண்டுவராதது நீ போகும்போது மட்டும் எப்படிக் கூட வரும்?

இனி தினமும் வைப்பேன், இது உன்மேல் சத்தியம். உனக்காக இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால். உன்னை நினைத்து அழுகை வருகிற நாள் இனியும் வரும். அன்றைக்குப் பொட்டோடு அழுகிறேன்.

என்றைக்கும் உன் பொண்டாட்டி,
வசந்தா