மைனஸ் முப்பத்திரண்டு

ஜனவரி 18
பனி. ஜன்னலுக்கு வெளியே வயலே இல்லை, வெள்ளை மட்டும். எங்கள் நெல் முற்றியிருக்கும். போய்ப் பார்க்கவில்லை.

ஜனவரி 19
தங்கையன் அண்ணன் வந்தார். உழவர் குழுவில் அறுப்பு மெஷின் முறையைக் கவனிப்பவர். யாருக்கு எப்போது மெஷின் என்பதைச் செம்மொழி எழுதிக் கொடுத்த புரோகிராமில்தான் தேடுவார்கள். கார்த்திகையில் காய்ச்சலில் அவள் போனாள். அதே மழையில் குழுவின் பழைய கம்ப்யூட்டரும் போனது. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வாங்கி, அவள் எழுதியதை அப்படியே ஏற்றிக் கொடுத்திருந்தேன்.
"பாதிப் பேரக் காணோம் தம்பி. சரிப்படலன்னா வாட்ஸப்லயே போட்டுக்கறோம். அந்தப் புள்ள எழுதுனதாச்சேன்னுதான் ஒன்னக் கேக்கறேன்."
என் பெண்டாட்டி எழுதியதில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்.

ஜனவரி 20
பக்கத்து வீட்டு எல்லையம்மாள் அக்கா வாசலில் நின்றார்.
"எம் பேரு இல்லன்னு சொல்லுதாமே அது. நான் என்ன செத்தா—"
நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, "சாப்ட்டியா தம்பி?"
சாப்பிட்டேனா?

ஜனவரி 21
ஒன்றும் செய்யவில்லை. வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம். தூக்கத்துக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது.

ஜனவரி 22
கோப்பைத் திறந்தேன். எல்லையம்மாள் அக்கா இருக்கிறார். செம்மொழியும் இருக்கிறாள். நடவு முடிந்த அன்று எங்கள் வயலைத் தன் பெயரில்தான் பதிந்தாள். தேடினால் மட்டும் 'இல்லை' என்கிறது. இருந்துகிட்டே எப்படிடி இல்லாம போவ?

ஜனவரி 23
தொலைந்தவை எல்லாம் தமிழில் அடித்த பெயர்கள். போனில் தாங்களே பதிந்தவர்கள் ஆங்கிலத்தில் இருக்கிறார்கள், கிடைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அவள்தான் உட்கார்ந்து தமிழில் அடித்தாள். அன்று பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் முதலில் வந்து நின்றன.
"பாத்தியா பரிதி, மெஷினுக்கே மரியாத தெரியுது." சிரித்தாள்.

ஜனவரி 24
கிடைத்துவிட்டது. எழுத்துகளை எண்ணாக வைக்கும் இடத்தில் வெறும் char என்று எழுதியிருக்கிறாள். அதில் மைனஸ் எண் உண்டா இல்லையா என்று சி மொழி சொல்வதில்லை. ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு வழக்கம். தமிழ் எழுத்தின் முதல் பைட், பழைய கம்ப்யூட்டரில் மைனஸ் முப்பத்திரண்டு, ஆங்கிலத்துக்கு முன்னால். இந்தப் போர்டில் அதுவே இருநூற்று இருபத்துநான்கு, பின்னால். அவள் முன்னால் உட்கார வைத்தவர்களை இது பின்னால் போய்த் தேடுகிறது.
மரியாத இல்ல, செம்மொழி. தற்செயல்.
சொன்னால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

ஜனவரி 25
மைனஸே இல்லாத unsigned என்று மாற்றிவிட்டு எல்லாப் பெயரையும் புதிதாக அடுக்கலாம். வேறு யாரும் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். மைனஸ் உண்டு என்று சொல்லும் signed-ஐச் சேர்த்தேன். அவள் அடுக்கியது அடுக்கியபடி இருக்கட்டும். எல்லையம்மாள் என்று தட்டினேன். வந்தார்.
தங்கையன் அண்ணன் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.
"இத... ஒம் பேருக்கு மாத்திரட்டுமா?"
"இருக்கட்டும்ண்ணே."

ஜனவரி 27
பனி விலகியதும் மெஷின் வந்தது. டிரைவர் வெளியூர்க்காரர். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வரப்பிலிருந்து யாராவது குரல் கொடுத்தால்தான் வயலில் இறக்குவார்.
"செம்மொழி... செம்மொழி வயலு யாருங்க?"
கொக்குகள் எழுந்தன. அந்தப் பெயர் நெல்லுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. எல்லோரும் எங்கெங்கோ பார்த்தார்கள்.
கார்த்திகைக்குப் பிறகு முதல் தடவையாக வரப்பில் கால் வைத்தேன்.
"இங்க இருக்குங்க."
சாயங்காலம், எல்லையம்மாள் அக்கா கேட்பதற்கு முன்பே சாப்பிட்டிருந்தேன்.