சுல்தானின் நடு ஸ்டாண்டும் பதினேழு தயிர்ச்சட்டிகளும்

1974 மே 2, வியாழன்

இன்று முதல் இந்தப் புத்தகத்தில் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று எங்கள் ஊரான கிண்ணியாவின் மண்மீது உறுதி கூறுகிறேன். நம்பத்தகுந்ததை எழுத அரசாங்கக் கச்சேரியில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை.

சுல்தானின் நடு ஸ்டாண்ட் முறிந்துவிட்டது. சுல்தான் என் மோட்டார் சைக்கிள். ஐம்பத்தேழில் நேவிக்கார வெள்ளைக்காரன் ஒருவன் கப்பலேறும் முன் கண்ணீரோடு என்னிடம் ஒப்படைத்தது. அவன் அழுத அழுகையில் துறைமுகத்தில் தண்ணீர் இரண்டு அங்குலம் ஏறியது.

இறக்குமதித் தடை. புது ஸ்டாண்டுக்குக் கொழும்பிலும் வழியில்லை. இனிப் பக்க ஸ்டாண்ட்தான் கதி. எங்கள் முற்றமோ பொடி மணல். சுல்தான் ஒற்றைக்காலில் சாய்ந்து நின்றான். கால் மெல்ல மெல்லப் புதைந்தது. என் மனைவி மைமூனா காயப்போட்ட மிளகாய்ப் பாயில் படுத்தேவிட்டான். காலுக்கடியில் சிரட்டை வைத்தேன், நொறுங்கியது. பால்மா டின் மூடி வைத்தேன், மூடியும் மண்ணுக்குள் போனது. இந்நேரம் பூமியின் மறுபக்கத்தில் எவனோ எடுத்திருப்பான். கடைசியில் ஒரு தடித்த பலகைத் துண்டு. அதில் துளை போட்டுக் கயிறு கட்டி, மறுநுனியை ஹாண்டிலில் முடிந்தேன். ஏறி உட்கார்ந்த பிறகு குனியாமல் இழுத்தெடுக்கலாம். இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு!

மைமூனா அதைப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை: "மிளகாய ஆரு பொறுக்குற?"

மே 6, திங்கள்

என் தங்கை றம்லாவின் மகள் அசனா இன்று ஆசிரியையானாள். கப்பல்துறையில் ஒரு பள்ளிக்கூடம், விஞ்ஞானப் பாடம். எங்கள் தெருவில் முதல் டீச்சர். றம்லா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "காக்கா, நீங்க கூட்டிக்கொண்டு போய் கூட்டிக்கொண்டு வந்தா போகட்டும். பஸ்ஸில தனிய அனுப்ப எனக்கு ஏலாது."

ஆகவே அசனாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இந்தக் கச்சேரி லிகிதர் ஸைனுலாப்தீன் புறப்பட்டார். துறையில் பாதையில் ஏறினோம். லொறி, ஆடு, ஆள் எல்லாவற்றையும் சுமந்து அக்கரை சேர்க்கும் அந்த இரும்புத் தெப்பத்தின் தளம் காலையில் எப்போதும் ஈரம். சுல்தானைப் பக்க ஸ்டாண்டில் சாய்த்தேன். பலகை? வீட்டிலிருந்து புறப்படும்போது கயிறு அறுந்து முற்றத்திலேயே கிடந்தது.

நடுத்தண்ணீரில் கச்சான் காற்று ஓர் அறை விட்டது. ஸ்டாண்ட் இரும்பில் வழுக்கியது. சுல்தான் தயிர் வியாபாரி அபூதாஹிரின் சட்டிகள் மீது விழுந்தான். பதினேழு சட்டிகள்! தயிர் கடலில் கலந்து, மீன்களெல்லாம் வெள்ளையாகிப் புல்மோட்டை வரை போயின.

பாதை ஓட்டும் சின்னப்போடி என்னிடம் வந்தான். சத்தம் போடவில்லை. அதுதான் பயம்.

"லிகிதர் ஐயா, நடு ஸ்டாண்டில நிமிர்ந்து நிண்டா ஏத்துவன். இல்லாட்டி உந்தச் சாமான் இனி என்ர பாதையில ஏறாது."

மே 7, செவ்வாய்

பாதை, நடை, பஸ். என் கச்சேரிக்கு நான் பிந்தினேன். அசனா பள்ளிக்கு ஐம்பது நிமிடம் பிந்தினாள்.

மே 8, புதன்

இன்றும் பிந்தினாள். தலைமையாசிரியர் மணிக்கூட்டைப் பார்த்தாராம், அவளைப் பார்க்கவில்லையாம். சின்னப்போடியைக் கெஞ்சி ஒருதரம் கடத்தி, சுல்தானை அக்கரையிலேயே விட்டுவைத்தால் என்ன என்று கேட்டாள். விட்டால் விடிவதற்குள் சில்லு ஒரு ஊரிலும் ஸீட் ஒரு ஊரிலும் இருக்கும்.

மே 10, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பட்டணத்தில் குஞ்சித்தம்பியின் கராஜுக்குப் போனேன். முறிந்த ஸ்டாண்டை ஒரு பையில் கட்டிக்கொண்டு, அளவுக்கு.

இரண்டு வழி காட்டினான். கழித்த வண்டி ஒன்றின் ஸ்டாண்ட் இருக்கிறது, சற்றுக் குட்டை. நிற்கும், ஆனால் பின் சில்லு நிலத்தை விட்டு எழும்பாது. இல்லையென்றால் குழாய் வெட்டிப் புதிதாக ஒட்டித் தருவான்.

நான் புதிதைக் கேட்டேன். பழையதை விட இரண்டு அங்குலம் உயரமாகவும் கேட்டேன். பின் சில்லு அந்தரத்தில் சுற்ற வேண்டும், நான் கதிரையில் இருந்தபடி செயினுக்கு எண்ணெய் விட வேண்டும்.

"நானா, உயரம் கூடினா ஏத்துறது கரைச்சல்."

"சுல்தான் சிம்மாசனத்தில ஏறினா உயரமாத்தான் இருப்பான், நீ ஒட்டு" என்றேன்.

மே 12, ஞாயிறு

ஸ்டாண்ட் வந்தது. குஞ்சித்தம்பியே தள்ளி ஏற்றிக் காட்டினான். நான் கச்சேரி மேலதிகாரி போலத் தலையை ஆட்டினேன். ஏற்றிப் பார்த்தேனா? இல்லை. பதினேழு வருடம் ஏற்றியவனுக்கு ஒத்திகை எதற்கு.

மே 13, திங்கள்

எழுதவே விருப்பமில்லை.

பாதையில் நாற்பது பேர். சின்னப்போடி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அபூதாஹிர் தன் சட்டிகளுக்கு முன்னால் இரண்டு காலையும் அகட்டி நின்றான். நான் பின் ஸீட்டுக்கடியில் பிடித்துத் தூக்கினேன். எப்போதும் அப்படித்தான் தூக்குவேன். எழும்பவில்லை. மறுபடி. மூன்றாம் முறை முதுகில் ஏதோ 'டிக்' என்றது— இல்லை, பீரங்கி வெடித்தது, கோட்டையில் கேட்டிருக்கும்.

"லிகிதர், பேனையை விடப் பாரமோ?" அபூதாஹிர்.

இரண்டு பொடியன்கள் உதவிக்கு வந்தார்கள். நான்தான் வேண்டாமென்றேன். ஏன் சொன்னேன்? என்ன விசர் எனக்கு? ரெண்டு பேர் பிடிச்சிருந்தா அவள் நேரத்துக்குப் போயிருப்பாளே!

சின்னப்போடி கையைக் காட்டினான். சுல்தானை இறக்கினோம். அசனா தன் கொப்பிகளை அணைத்துக்கொண்டு பாதையிலேயே அக்கரைக்குப் போனாள், பஸ் பிடிக்க. திரும்பிப் பார்க்கவில்லை.

மே 14, செவ்வாய்

முதுகில் எண்ணெய்ப் பத்து. குப்புறக் கிடந்து எழுதுகிறேன். இரும்பு சரியில்லை. ஒட்டு சரியில்லை. தளம் சரியில்லை. குஞ்சித்தம்பி ஸ்டாண்டுக்குள் ஈயம் ஊற்றியிருக்கிறான், நிச்சயம்.

மே 15, புதன்

றம்லா வந்தாள். கையில் வெள்ளைத்தாள்.

"காக்கா, தினமும் பிந்தினா அவங்க சொல்லுறதுக்கு முதல்ல நாமளே விட்டுடுவம். நீங்கதானே லிகிதர், விலகுற காயிதத்த வடிவா எழுதித் தாங்க. வெள்ளிக்கிழமை குடுக்கட்டும்."

ஆயிரம் பேரின் விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். இதை எழுதக் கை வரவில்லை. எழுதினேன். 'தவிர்க்க முடியாத குடும்பக் காரணங்களினால்' என்று போட்டேன். குடும்பக் காரணம் எது? இரண்டு அங்குலம் குழாய்.

அசனா கதவு நிலையில் நின்றாள். என் எழுத்தைப் பார்த்து, "வடிவா இருக்கு மாமா" என்றாள். அடித்திருக்கலாம் என்னை.

மே 16, வியாழன்

பின்னேரம் அசனா வந்தாள். முற்றத்தில் சுல்தான் மதிலோடு சாய்ந்திருந்தான். அவனைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். குனிந்து பார்த்தாள். மிளகாய்ப் பாய்க்குப் பக்கத்தில் என் கண்டுபிடிப்புப் பலகை அறுந்த கயிறோடு கிடந்தது. அதை எடுத்தாள்.

"மாமா, இந்தப் பலகையில பின் சில்ல ஏத்துங்க."

"எதுக்கு?"

"ஏத்துங்களன்."

உருட்டி ஏற்றினேன். காலால் மிதித்து ஸ்டாண்டை இறக்கினாள். அதன் இரண்டு பாதமும் மணலில் ஒன்றாகப் படும்வரை வண்டியை நேராக்கினாள். ஒரு கை ஹாண்டிலில், ஒரு கை பின் கம்பியில். பிறகு ஸ்டாண்டின் நாக்கில் குதிகாலை வைத்து, தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டு எழுந்து நின்றாள். அவ்வளவுதான். சுல்தான் பின்னால் ஒரு அடி போய் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

மைமூனா குசினி வாசலில் அகப்பையோடு நின்று, "அல்லாஹ்!" என்றாள்.

"நீங்க தூக்குறீங்க மாமா. இது தூக்குற சாமான் இல்ல, மிதிக்கிற சாமான். நெம்புகோல். போன கிழமைதான் ஏழாம் வகுப்புக்குப் படிப்பிச்ச."

"பதினேழு வருஷம் தூக்கித்தானே ஏத்தினேன்!"

"அது குட்டை ஸ்டாண்ட். உயரத்த ஆரு கூட்டச் சொன்ன?"

 மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 17, வெள்ளி

விலகல் கடிதம் அசனாவின் பையில். பலகை என் கையில். றம்லா துறைவரை வந்தாள், வழியனுப்ப அல்ல, முடிவு பார்க்க.

சின்னப்போடி, "ஒருக்காத்தான்" என்றான். பலகையில் சில்லை ஏற்றினேன். குதிகாலை வைத்தேன். முதுகு ஒரு குத்துக் குத்தியது, செருப்பு வழுக்கியது, முழங்கால் என்ஜினில் மோதியது. அபூதாஹிர் சட்டிகளை எட்டி நகர்த்தினான். நாற்பது பேரின் நூற்றுக்கணக்கான கண்கள்.

இன்னொரு முறை முயலலாம். மனுசன் நான், விடுவேனா? ஆனால் அசனாவின் கை பையின் வாயில் இருந்தது, கடிதத்துக்குப் பக்கத்தில்.

"நீ ஏத்து பிள்ள" என்றேன்.

"எல்லாரும் பாக்குறாங்க மாமா."

"பாக்கட்டும். பையத் தா."

முக்காட்டை இழுத்துச் செருகினாள். சுல்தானின் முகத்தைப் பின்பக்கம் திருப்பி நிறுத்தச் சொன்னாள்; பாதை துறையில் முட்டும்போது வண்டி முன்னால் உருண்டால் ஸ்டாண்ட் மடங்கிவிடுமாம். திருப்பி, சில்லை மறுபடி பலகையில் ஏற்றினோம். குதிகாலை வைத்தாள். எழுந்தாள். சுல்தான் ஏறினான்.

 ஆடு ஒன்று கத்தியது.

சின்னப்போடி வந்து சுல்தானின் ஸீட்டைப் பிடித்து ஆட்டினான். அசையவில்லை. "டீச்சர், பாதைக் கயிறு விடட்டோ?" என்று அவளைக் கேட்டான். என்னைக் கேட்கவில்லை.

கரையில் றம்லா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா, தூரத்தில் தெரியவில்லை.

மே 19, ஞாயிறு

பின் சில்லு அந்தரத்தில் சுற்றுகிறது. கதிரையில் இருந்தபடி செயினுக்கு எண்ணெய் விட்டேன். துடைக்கத் துணி அகப்படவில்லை. அசனா ஒரு காகிதம் தந்தாள். என் எழுத்து, வடிவாகத்தான் இருந்தது.

ஜூன் 24, திங்கள்

கச்சேரியில் இன்று கதை சொன்னேன்: கச்சான் புயலில், நானூறு பேர் முன்னிலையில், சுல்தானை ஒற்றைக் கையால் ஸ்டாண்டில் ஏற்றினேன் என்று. ஒருவரும் நம்பவில்லை. சரிதான். நானூறு பேர் இல்லை. கை இல்லை. நானும் இல்லை. தயிர்ச்சட்டிகூடப் பதினேழு இல்லை, இரண்டு. அதிலும் ஒன்று முதலே கீறல் விட்டிருந்தது.

ஒரு சின்னத் துண்டு மட்டும் மெய். தினமும் காலையில் அவள் ஏற்றி முடிக்கும்வரை, பாதையில் நின்று கொப்பிப் பையைப் பிடித்திருப்பவன் நான்தான்.