பதினொன்றாவது ஷரத்து

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். என்னைப் பொறுத்தவரை ‘நலம்’ என்பதை உடலளவில் மட்டும் எடுத்துக்கொள்ளவும். மற்றவை கீழே விவரிக்கப்பட்டுள்ளன. உன் தோழியுடன் பட்டறை வைப்பதற்காக நீ அனுப்பிய கூட்டாண்மை ஒப்பந்தம் மூன்று வாரங்களாக என்னிடம் இருக்கிறது. வரும் திங்கட்கிழமைக்குள் நீ கையெழுத்திட்டாக வேண்டும் என்பதும், ‘அப்பா பேசாம இருக்கிறதையே பதிலா எடுத்துக்கணுமாம்மா’ என்று நீ உன் அம்மாவிடம் கேட்டதும் எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி. தாமதத்துக்குக் காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை சேர்க்கும் வகையைச் சேர்ந்ததல்ல என்பதால்தான் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன். அம்மா இதைப் படம் எடுத்து இன்றே உனக்கு அனுப்பிவிடுவாள். அசல் தபாலில் வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

என் அலுவலகக் கட்டிடத்தின் உரிமையாளர் காலமானபின் அவருடைய மருமகன் பொறுப்புக்கு வந்தது நீ அறிந்ததே. இரண்டு மாதங்களுக்கு முன் அவர் என் மேசைக்கு எதிரே மிகுந்த மரியாதையுடன் உட்கார்ந்து, ஒரு வாடகை ஒப்பந்தத்தின் நகலை நீட்டி, காரணம் கூறாமலே முப்பது நாளில் காலி செய்யச் சொல்லலாம் என்கிற பதினொன்றாவது ஷரத்து செல்லுபடியாகுமா என்று கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மாமனாருக்காக நானே எழுதிய மாதிரிப் பத்திரம் அது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. அந்த ஷரத்தில் ஒவ்வொரு சொல்லும் ஏன் அந்தந்த இடத்தில் நிற்கிறது என்று அரைமணி நேரம் விளக்கினேன். எந்தக் கொம்பன் வந்து வாதாடினாலும் இதை அசைக்க முடியாது என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் நன்றி கூறிவிட்டுப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, ‘அப்ப இதை நீங்களே வாங்கிக்குங்க சார், தபால்ல அனுப்ப வேண்டியதில்ல’ என்று நீட்டினார். அந்தக் கட்டிடத்தில் ஆறு வாடகைதாரர்கள், ஆறு பேருக்கும் ஒரே பத்திரம், ஆறாமவன் நான். மற்ற ஐவரும் தயங்கக்கூடாது என்பதற்காக, பத்திரம் எழுதிய அந்தக் காலத்தில், முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவன், நான் எழுதியதை நானே எதற்குப் படிக்க வேண்டும் என்று நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதற்குக் கட்டணமும் வாங்கியிருக்கிறேன்.

மற்ற ஐவரும் இயல்பாகவே என்னைத் தங்கள் வக்கீலாக வைத்துக்கொண்டார்கள். மூன்று நாள் அந்தப் பத்திரத்தில் ஓட்டை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் மாலை என்னையறியாமல் சற்றுப் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். படிக்கட்டடியில் கடிகாரம் பழுது பார்ப்பவர் மட்டும், ‘வக்கீல் சார், அன்னிக்கு நீங்க கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா இன்னிக்கு நாங்க பொழச்சிருப்போம்’ என்றார். முப்பத்தோராண்டுத் தொழிலில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட மிகச் சரியான மதிப்பீடு அது. முப்பதாம் நாள் காலையில், ஷரத்து கூறியபடியே, சாவியைக் கொடுத்தோம்.

இப்போது என் அலுவலகம் உன் அம்மாவின் தையற்கடையில், அளவு பார்க்கும் திரைக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் இயங்குகிறது. சட்டப் புத்தகங்கள் பொத்தான் டப்பாக்களுக்கு மேல்தட்டில் இருக்கின்றன. இரண்டில் எது அதிகம் பயன்படுகிறது என்ற ஆராய்ச்சியை நான் தவிர்த்துவருகிறேன். வாய்மொழியாக மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன: வாடிக்கையாளரிடம் பிரசங்கம் கூடாது, மின்விசிறியை என் பக்கம் திருப்பக் கூடாது, துணிக் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது. இரண்டாம் நாளே ஓர் உறையின் ஓரத்தை வெட்டிவிட்டேன். அந்தக் கத்தரி மறுநாள் ஒரு பட்டுத் துணியை அறுக்காமல் மென்றதாம். அம்மா கத்தவில்லை. ‘உங்க பத்திரத்துல முப்பது நாளாவது இருந்துச்சு, என்கிட்ட அதுவும் கிடையாது’ என்று மட்டும் சொன்னாள். கத்தரியைச் சாணை பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அதன்பின் எங்களுக்குள் வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை.

முதல் வாரம் என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வாரம், சீருடையின் இடுப்பைப் பிடிக்கக் கொடுத்திருந்த ஒரு நர்ஸம்மா, காத்திருந்த நேரத்தில் தன் பணிமாற்ற உத்தரவை என்னிடம் நீட்டி, சம்மதிக்கிறேன் என்று திங்கட்கிழமை கையெழுத்துக் கேட்கிறார்கள், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். என்னிடம் வருபவர்கள் இதுவரை எழுதித்தரச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். எழுதியிருப்பது என்ன என்று யாரும் கேட்டதில்லை. படித்துச் சொன்னேன். போகச் சொல்லும் இடத்துக்குப் போகாவிட்டால் வேலையைத் தானே விட்டதாக எடுத்துக்கொள்வோம் என்பதைப் பதினேழு வரிகளில் சுற்றிச் சுற்றிச் சொல்லியிருந்தது. ‘புரியக்கூடாதுன்னே உக்காந்து எழுதியிருக்காங்க சார், யார் பெத்த புள்ளையோ’ என்றார். யார் என்று நான் விசாரிக்கவில்லை. நடை எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது. அவர் மருத்துவமனையில் கொடுப்பதற்கு மூன்று வரியில் ஒரு பதில் எழுதித் தந்தேன். மறுவாரம் அவர் இன்னும் நான்கு பேரோடு வந்தார். இப்போது துணி கொடுக்காமலே வந்து உட்காருகிறார்கள். அம்மா கடை வாசலில், ‘இங்கு துணி பிரித்துத் தைக்கப்படும், பத்திரம் படித்துச் சொல்லப்படும்’ என்று பலகை மாட்டிவிட்டாள். வாசகத்தை என்னிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் இன்னும் தொங்கியிருக்காது என்பது அவள் வாதம். மறுப்பதற்கில்லை.

இனி உன் விஷயம். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே தோழியுடன் சக்கர நாற்காலி பழுது பார்க்கும் பட்டறை வைக்கட்டுமா என்று நீ கேட்டபோது, பதினான்கு ஆட்சேபணைகளை எண்ணிட்டு அனுப்பினேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நிரந்தர வேலை என்று நான் சான்று கொடுத்த அந்தக் கம்பெனியிலேயே தங்கிவிட்டாய். அந்த நிரந்தரம் சென்ற மாதம் ஒரே மின்னஞ்சலில் முடிந்தது. செய்தியை நீ முதலில் அம்மாவிடம்தான் சொன்னாய். என்னிடம் சொன்னால் பதினைந்தாவது ஆட்சேபணை வரும் என்று பயந்திருப்பாய். பயத்துக்கு முகாந்திரம் இருந்தது. என் பதினான்கையும் பழைய கோப்பிலிருந்து எடுத்து நேற்று மறுபடி படித்தேன். ஒன்றிலும் சட்டப்படி பிழையில்லை. வேலைக்கும் ஒரு பதினொன்றாவது ஷரத்து உண்டு என்பதை மட்டும் அவற்றை எழுதியவன் கணக்கில் எடுக்கவில்லை. அந்தப் பதினான்கையும் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். பட்டறை ஓடும் என்று நான் உறுதி கூறவில்லை. அப்படி உறுதி கூறுகிறவனை நம்பாதே. ஓடாமல் போனாலும் உட்கார ஓர் இஸ்திரி மேசை ஓரமாவது கிடைக்கும் என்பதற்கு நானே சாட்சி.

உன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துவிட்டேன். திருத்தம் ஒன்றே ஒன்று: ஒன்பதாவது ஷரத்தில் ஒருவர் விலக விரும்பினால் முப்பது நாள் முன்னறிவிப்பு என்றிருக்கிறது, அதை ஆறு மாதமாக மாற்றச் சொல். தோழிதானே என்று கூச்சப்படாதே, அவளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை மாற்றியதும் திங்கட்கிழமைக்குக் காத்திராமல் கையெழுத்திடு. பட்டறைக்கு இடம் பிடிக்கும்போது வாடகைப் பத்திரத்தை மறக்காமல் எனக்கு அனுப்பு. கட்டிடக்காரரிடம் அதை விளக்கிப் பேசமாட்டேன் என்று உறுதியளிக்கிறேன். நீ தொட்ட சக்கரமெல்லாம் தடையின்றி உருளட்டும், நீயும் உன் தோழியும் நீடு வாழ்க என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

மேற்கண்டவை அனைத்தையும் இம்முறை முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்துக் கையொப்பமிடும்,

உன் அப்பா