மோல்டாவில் எரிந்த கற்பூரம்

22.10.2013, செவ்வாய்

மோல்டாவில் கற்பூரம் கொளுத்தியது நான் அல்ல.

இதை முதலில் எழுதி வைக்கிறேன். நான் இருக்கும் ஊஸ்டர் நகரின் தமிழ்க் கடையில் இன்று கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "கொன்வென்ற் ஆச்சி பாதாளத்துக்குள்ளை சாமி கும்பிட வெளிக்கிட்டு, கடைசியிலை எல்லாரையும் கலைச்சு விட்டிட்டாங்கள்." கொன்வென்ற் ஆச்சி என்றால் இங்கே நான்தான். திரும்பினேன். கதைத்தவர்களுக்கெல்லாம் உடனே பயற்றம் பருப்பின் விலை தெரிய வேண்டியிருந்தது.

என் வீட்டில் ஒரு விளக்கு எரியும். அதற்கு மேல் நான் எதையும் கொளுத்துவதில்லை. என் கணவர் இருந்த காலத்திலும் அப்படித்தான். பாடசாலையில் கன்னியாஸ்திரிகள் படிப்பித்தார்கள் என்பதற்காக நான் மதம் மாறவும் இல்லை. மதம் மாறவில்லை என்பதற்காகக் கண்ட கண்ட கல்லுக்குக் கற்பூரம் காட்டவும் இல்லை.

23.10.2013

எங்கள் முதியோர் ஒன்றியம் ஆண்டுக்கு ஒரு முறை மத்தியதரைக் கடலில் ஒரு தீவுக்குப் போகிறது. வரலாற்றுப் பயணம். இந்த ஆண்டு மோல்டா. உள்ளூர் வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். போவதற்கு முன் நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசித்துக் குறித்துக்கொள்வேன். யாரும் கேட்டுச் செய்வதில்லை. அரைகுறையாகச் சொல்ல எனக்கு வராது.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றை என்னிடம் கேட்டவர்கள் அந்தப் பயணிகள் மட்டும்தான். மற்ற எல்லோரும் "ஆச்சி, சாப்பிட்டீங்களோ?" என்பதோடு சரி.

தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு இது பிடிக்காது. மோல்டாவின் பழைய கல் கோயில்களில் ஒன்றின் முன்னால், நான் சொல்லி முடிக்கு முன்பே கையை உயர்த்தி, "இதுகளைக் கட்டினது கப்பலிலை வந்த தமிழன்" என்றார். ஆதாரம் என்ன என்று கேட்டேன்.

"ஆதாரம் எதுக்கு அக்கா? அந்தச் சிலையின்ரை இடுப்பைப் பாருங்கோ. எங்கடை சனம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவருடைய மனைவியும் சிரிக்கவில்லை.

ஹோட்டலில் என் அறையில் தில்லைநாயகியைப் போட்டிருந்தார்கள். லுசேர்ண் ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். என்னைப் போல விதவை. மற்றப்படி என்னைப் போல ஒன்றும் இல்லை. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் படங்களைக் கட்டில் முழுவதும் பரப்பி, எது யாருக்கு என்று என்னிடம் கேட்பார். தேவாலயத்துக்குள்ளும் தொலைபேசியை அணைக்க மாட்டார். இளைய மகன் 2009இல் வன்னியில் காணாமற்போனவன். அதை எல்லோரும் அறிவார்கள். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அப்படி விசாரிப்பது மரியாதை அல்ல.

24.10.2013

நடந்தது இதுதான்.

மண்ணுக்குக் கீழே பாறையைக் குடைந்து, மாடி மாடியாகச் செய்த பழங்காலப் புதைகுழி அது. ஒரு தடவைக்குப் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுவார்கள். மூச்சுக்காற்றுக்கே சுவர்ப் பூச்சு அழிந்துவிடுமாம். பைகளை வெளியே வைக்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது. எங்கள் முதற் பத்தில் நான், தலைவர், தில்லைநாயகி, ஜெயமலர், இன்னும் சிலர். மீதிப் பேர் மேலே காத்திருந்தார்கள்.

ஓர் அறையில் சுவரில் ஒரு பொந்து. ஆண் குரலில் அதற்குள் பேசினால் குகை முழுவதும் முழங்கும் என்றாள் வழிகாட்டிப் பெண். தலைவர் விடுவாரா? தலையை உள்ளே விட்டு "ஓம்" என்று ஒரு முழக்கம். எல்லோரும் அங்கே போய் நெரிந்தார்கள். நான் பின்னால், உள்ளறையின் வாசற்பக்கம் தனியே நின்றேன். செதுக்கிய கூரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது.

காவலாளி ஓடி வந்தான். முதலில் கண்ணில் பட்டவள் நான். சாம்பிராணி கொளுத்தியது யார் என்று ஆங்கிலத்தில் கத்தினான். சாம்பிராணி அல்ல, அது கற்பூரம் என்று நான் சொன்னேன்.

பிழையாகச் சொன்னதைத் திருத்தினேன். அவ்வளவுதான். திருத்தியவளையே அவன் குற்றவாளி ஆக்கினான். பெயர் கேட்டான். சொன்னேன், எழுத்து எழுத்தாகவும் சொன்னேன், பிழையாக எழுதிவிடுவான் என்று. நான் இல்லை என்று சொல்லவும் சொன்னேன். அதை அவன் எழுதவில்லை.

பத்துப் பேரையும் வெளியேற்றினார்கள். மேலே காத்திருந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். மாதக்கணக்காகக் காத்திருந்து பெற்ற அனுமதி. அவர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு. என்மேல் கோபப்படுவதில்தான் நியாயம் இல்லை.

என் வகுப்பில் யாராவது பிழை செய்து ஒளித்தால், செய்தவள் எழும்பும் வரை கொன்வென்ற் மதர் எல்லோரையும் வெயிலில் நிறுத்துவார். செய்தவள் எழும்புவாள். இங்கே பத்துப் பேர் நின்றார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

25.10.2013

மகன் தயாநிதி தொலைபேசியில்: "விடுங்கோ அம்மா." விட மாட்டேன்.

10.11.2013, ஞாயிறு

ஸ்ரீஸ்கந்தராஜா வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சமாதானம் பேசினார்.

"சும்மா விடுங்கோ அக்கா. கற்பூரம்தானே? குண்டோ வைச்சனீங்கள்?"

"நான் எதையும் வைக்கவில்லை."

"சரி, வைக்கேல்லை. அவங்கடை அறிக்கையிலை உங்கடை பேர்தானே கிடக்குது. நான் என்ன செய்ய? செயற்குழுவிலை கேக்கினம். அடுத்த வருசம் கிறீற் தீவுக்கு நீங்கள் ஆறுதலாப் பின்னாலை வாங்கோ. விளக்கத்தை நான் பாக்கிறன்."

ஆறுதலாகப் பின்னால்! கிறீற்றின் அரண்மனைகளைப் பற்றி இவர் விளக்கப் போகிறார். அங்குள்ள எருதுகளும் யாழ்ப்பாணத்திலிருந்து போனவை என்று சொல்வார்.

முழு விசாரணை வேண்டும், பத்துப் பேரையும் தனித்தனியே அழைத்துக் கேட்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

16.11.2013, சனி

யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஜெயமலர். வேறு யார்? விமான நிலையத்தில் திருநீறு, பேருந்தில் திருநீறு, ஹோட்டல் காலை உணவு மேசையில் பாணுக்குப் பக்கத்தில் திருநீறு.

கடையில் கண்டேன். எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்.

அவர் கையிலிருந்த முருங்கைக்காயைக் கூடக் கீழே வைக்கவில்லை. "என்னட்டைக் கற்பூரம் இருக்குத்தான். உங்களிட்டை நாக்கு இருக்கு. எது கெதியாப் பத்தும் எண்டு ஊருக்குத் தெரியும்."

கடைக்காரர் சிரித்தார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கின சாமானை அங்கேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போய் எடுக்க மாட்டேன்.

1.12.2013, ஞாயிறு

செயற்குழுவின் பதில் வந்தது. ஜனவரி 19, பொதுக்கூட்டத்துக்கு முன் விசாரணை. பத்துப் பேரும் வர வேண்டும். வயதானவர்களைப் பிள்ளைகள் கூட்டி வந்து கூட இருக்கலாம். குற்றம் யாருடையதோ அவருக்கு இனி எந்தப் பயணத்திலும் இடம் இல்லை.

நல்லது. இதைத்தான் கேட்டேன். ஜெயமலர் அன்றைக்கு எந்த நாக்கால் பேசுகிறார் பார்ப்போம்.

கிறீற் பற்றிய புத்தகம் இரண்டு எடுத்து வந்தேன்.

8.12.2013, ஞாயிறு

தில்லைநாயகி லுசேர்ணிலிருந்து ரயிலில் வந்தார். சொல்லாமல் வந்தார். வெளியே பனி. பான்கோஃப் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார்.

"மிஸிஸ், அது நான்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ காந்தப் படக் கதை என்று நினைத்தேன்.

"கற்பூரத்தையும் நெருப்புப்பெட்டியையும் சீலைத் தலைப்பிலை முடிஞ்சு கொண்டு வந்தனான். நீங்கள் கூரையைப் பாத்துக்கொண்டு நிண்டியள். உங்களுக்குப் பின்னாலை அந்தச் சின்னக் குழிக்கை வைச்சுக் கொளுத்தினனான். ஜெயமலர் பாவம், அவவுக்கு முழங்கால் நோ, அந்த வெள்ளைப் பெட்டை அவவைக் கையிலை பிடிச்சுக்கொண்டு முன்னுக்கு நிண்டது."

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களே, என் பெயர் ஊரெல்லாம் நாறிய பிறகுதான் ரயில் கிடைத்ததா என்று கேட்டேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன். இதை நான் மறைக்கவில்லை.

"நீங்கள்தானே மிஸிஸ் சொன்னீங்கள்."

"நான் என்ன சொன்னேன்?"

"அங்கை ஏழாயிரம் பேர் கிடக்கினம், ஒருத்தற்றை பேரும் தெரியாது எண்டு. அவள் இங்கிலிசிலை சொன்னது எனக்கு விளங்கேல்லை. நீங்கள் தமிழிலை சொன்னாப் பிறகு என்னாலை சும்மா நிக்கேலாமல் போச்சு."

ஓம். சொன்னேன். மேலே பைகளை வைக்கும்போது அப்படித்தான் வழிகாட்டி சொன்னாள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

மூத்த மகன் ராசா இளையவனுக்கு அந்தியேட்டி, இறந்தவருக்குச் செய்யும் கருமம், செய்துவிட வேண்டும் என்று நாலு வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறானாம். ஐயரிடம் நாளும் கேட்டுவிட்டானாம். அவன் கெட்டவன் இல்லை, தாய் நிம்மதியாகப் படுத்து எழும்ப வேண்டும் என்றுதான் கேட்கிறான் என்று அவரே சொல்கிறார். ஆனால் இவர் இன்னும் ஓம் சொல்லவில்லை. பிரேதங்கள் கிடந்த இடத்தில் தாய் கற்பூரம் கொளுத்தினாள் என்று கேள்விப்பட்டால், தம்பி இல்லை என்பதை அம்மாவே ஒத்துக்கொண்டுவிட்டா என்று மறுகிழமையே செய்வித்துவிடுவானாம். விசாரணைக்கு இவரைக் காரில் கூட்டி வரப்போகிறவனும் அவன்தான்.

"அப்படியென்றால் அந்தக் கற்பூரம் யாருக்கு?" என்று கேட்டேன். மரியாதை இல்லாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

"தெரியேல்லை மிஸிஸ். இருக்கிறவனுக்கோ, இல்லாதவனுக்கோ. அவனுக்குத்தான்."

பிறகு எழும்பினார். "நீங்கள் அண்டைக்குச் சொல்லுங்கோ. நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன். என்னாலை எல்லாருக்கும் முன்னாலை வாயைத் திறக்கேலாது, அவ்வளவுதான்."

தேநீர் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

9.12.2013

சொல்வேன். உண்மையைச் சொல்வதில் என்ன பிழை?

12.12.2013

அந்தப் பெண்மணியை மன்னிக்க நான் கடமைப்பட்டவள் அல்ல. என்னைப் பலி கொடுத்துவிட்டு ரயிலேறி வந்து, தீர்ப்பையும் என் கையில் வைத்துவிட்டுப் போகிறார். நாணம் இருந்தால் அன்றே அந்தக் காவலாளியிடம் முன்னால் வந்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

செய்திருப்பேனா? எனக்குக் காணாமற்போன பிள்ளை இல்லை. தயாநிதி பக்கத்தில் சூக் நகரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுப்பான். எடுக்காவிட்டால் எனக்குக் கோபம் வரும், அவ்வளவுதான் என் துன்பம்.

ஆனாலும் — ஏன் நான்? எண்பதை எட்டப்போகிற வயதில் என் பெயரை ஏன் நான் விட வேண்டும்? என் பெயரைத் தவிர இந்த ஊருக்கு நான் எதைக் கொண்டு வந்தேன்?

20.12.2013

கிறீற் புத்தகத்தில் ஐந்து பக்கம் வாசித்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

ஸ்ரீஸ்கந்தராஜா தொலைபேசியில். மிகவும் உற்சாகமாக இருந்தார். "அக்கா கேட்ட மாதிரியே செய்யிறம். ஒருத்தரையும் விடமாட்டன். பிள்ளையளையும் பக்கத்திலை வைச்சு ஒவ்வொருத்தராக் கேப்பம். பொய் சொல்லேலாதுதானே?"

அவருக்கு இது ஒரு திருவிழா. திருவிழாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தவள் நான்.

28.12.2013, சனி

கடைக்குப் போனேன். வேண்டுமென்றே சனிக்கிழமை, கூட்டமான நேரம். ஜெயமலர் நின்றார். அன்று இருந்த முகங்களில் பல இன்றும் இருந்தன. அவர்மீது நான் பிழையாகக் குற்றம் சொன்னேன், வருந்துகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். என் வாயிலிருந்து அது வர நேரம் எடுத்தது.

ஜெயமலர் கூடையைக் கீழே வைத்தார். "அப்ப ஆரெண்டு தெரிஞ்சிட்டுதோ?"

"அது உங்களுக்குத் தேவையில்லை."

"தெரியும் ஆச்சி தெரியும்" என்று சிரித்தார். "கடைசியிலை எங்கை வந்து நிக்கும் எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வந்ததாக நினைத்துவிட்டார். கடை முழுவதும் அப்படித்தான் நினைத்தது. திருத்த வாய் திறந்தேன்.

மூடிக்கொண்டேன். எழுபத்தெட்டு வயதில் முதல் தடவை.

2.1.2014

தில்லைநாயகி தொலைபேசி எடுத்தார். புதுவருடம் என்றார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். எங்களுக்குள் நட்பு ஒன்றும் இல்லை. இனியும் வராது. எதைச் செய்தாலும் அவருக்காகச் செய்ததாக அவர் நினைக்கக் கூடாது.

புத்தகங்களை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். தவணை முடியவில்லை, இன்னும் வைத்திருக்கலாம் என்றாள் அந்தப் பெண். வேண்டாம் என்றேன்.

5.1.2014, ஞாயிறு

இன்று எழுதிய கடிதம். நாளை பதிவுத் தபாலில் போகிறது. பிரதி இங்கே:

திரு. ஸ்ரீஸ்கந்தராஜா,
தலைவர், முதியோர் ஒன்றியம்.

ஐயா,

விசாரணை கோரி நவம்பரில் நான் அனுப்பிய கடிதத்தை இத்தால் மீளப் பெறுகிறேன். மோல்டாவில் எழுதப்பட்ட அறிக்கையில் உள்ள பெயர் என்னுடையது. அது அப்படியே இருக்கட்டும். இது குறித்து நான் மேற்கொண்டு எதையும் மறுக்கவோ விளக்கவோ போவதில்லை.

கிறீற் பயணத்துக்கும் அதற்குப் பிந்திய பயணங்களுக்கும் நான் வரமாட்டேன். விளக்கம் சொல்ல ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். தாங்கள் அதைச் செய்யாதிருப்பது நல்லது.

முறைப்பாடு செய்தவள் நான். முறைப்பாடு இப்போது இல்லை. ஆகவே ஜனவரி 19 அன்று மற்ற ஒன்பது பேரில் எவரையும், அவர்களுடைய பிள்ளைகளையும், அழைக்கவோ கேள்வி கேட்கவோ எந்தத் தேவையும் இல்லை. யாரிடமும் எதுவும் கேட்கப்படமாட்டாது என்பதைக் கூட்டத்துக்கு முன் எனக்கு எழுத்தில் அறியத் தாருங்கள். தொலைபேசியில் வேண்டாம்.

இராஜேஸ்வரி சிவநேசன்