குழாய் வளைக்கும் மெஷினும் அந்த வீட்டுக் கைப்பிடியும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அவருக்கு வலது கண் முழுசாகப் போய்விட்டது, இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். மாடிப்படியில் இரண்டு தடவை விழுந்தார், கேட்டால் படிதான் நகர்ந்தது என்கிறார். அதனால்தான் மாடியிலிருந்து பின்வாசல் வரை கைப்பிடி போடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் பிடித்தவள், சொந்த வீட்டுக்கு ஒரு கைப்பிடி செய்ய மாட்டேனா?

குழாய் வளைக்கிற மெஷின்தான் இல்லை. நீ சொன்னதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஜாக்கி வைத்த மெஷின் தண்ணீர்க் குழாய்க்குச் சரி, நம் மெல்லிய குழாயை நடுவில் நசுக்கிவிடும். நீளக் கைப்பிடியால் இழுத்து வளைக்கிற இன்னொன்று பிடித்திருந்தது, ஆனால் அதன் டை, குழாய் உட்கார்ந்து வளைகிற அந்த அச்சு, நம் குழாயின் வெளி அளவைவிட அரை நூல் பெரிசு. சரியான டை வர மூன்று வாரம் ஆகும் என்ற கடைக்காரர், அவசரம் என்றால் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது என்று ஒரு விலாசம் கொடுத்தார். அப்பாவைத் தனியே விடப் பயந்து அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த வீட்டில் ஓர் அம்மா மட்டும் இருந்தார். கணவர் பிளம்பராம், போய்ச் சேர்ந்து ஆறு மாதம். கடைசி சில வருஷம் பார்வை இல்லாமலே தடவித் தடவிக் குழாய் வளைத்திருக்கிறார். மெஷின் தங்கம், தரையில் போல்ட் போட்டது, டை நம் அளவேதான். ஒரு துண்டை வளைத்துப் பார்த்தேன், உள்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. வாங்கிவிடலாம் என்று நிமிர்ந்தபோதுதான் அந்த பிளம்பர் வீடு முழுக்கப் போட்டிருந்த கைப்பிடியைக் கவனித்தேன். கூடம், சமையலறை என்று இடுப்பு உயரத்தில் ஓடி, பின்வாசலைத் தாண்டி வெறும் மண்தரையில் கால் ஊன்றிப் போகிறது. சுவரே இல்லாத இடத்தில் மூலை திரும்புகிறது. ஓர் இடத்தில் மூன்று படி இறங்குகிற மாதிரி சரிகிறது, தரையோ சமம். இது எங்கே போகிறது என்று கேட்டேன். "அவருக்கு அங்க ரூம் இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல," என்றார் அந்த அம்மா, பால் பொங்கிவிட்டது என்று சொல்வது போலச் சாதாரணமாக.

திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். நம் வீட்டிலேயே சுவரைத் தடவி நடக்கிற மனுஷன், அங்கே விறுவிறுவென்று நடந்தார், மூலையில் திரும்பினார், சரிவில் ஒவ்வொரு காலாக இறக்கி வைத்தார். சரிவு முடிகிற இடத்தில் குழாய் என் முழங்கால் உயரம்தான் இருக்கும். அப்பா குனியவில்லை. ஆனாலும் கை குழாயில்தான் இருந்தது. ஓடிப்போய் இழுத்தேன். உச்சி வெயில், அவர் கை ஐஸ் மாதிரி. "ஏன் இழுக்கற? உள்ள உக்காரச் சொல்றாங்க," என்றார்.

மெஷின் வேண்டாம் என்று வந்துவிட்டேன். மூன்று வாரம் காத்திருந்து கடையிலேயே வாங்கினேன். முதல் இரண்டு குழாய் வீண். கையை எடுத்ததும் கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது, தொண்ணூறு டிகிரி வேண்டுமென்றால் தொண்ணூற்று மூன்று வரை இழுக்க வேண்டும். இப்போது கைப்பிடி கல் மாதிரி நிற்கிறது, பின்வாசல் பக்கத்தில் முனையைச் சுவருக்குள் திருப்பி சிமென்ட் வைத்துப் பூசிவிட்டேன். அப்பா ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் தினமும் காலையில் அந்த முனை வரை போய், வளைவைத் தடவி, சுவரில் காதை வைத்து நிற்கிறார். நேற்று சுவரிடம் ரொம்ப மரியாதையாக, "இல்லீங்க, இப்ப வர முடியாது. அவ விட மாட்டா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, நூறு வருஷம் நன்றாக இருங்கள். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மறக்காமல் தினமும் காலையில் போன் பண்ணு, ஸ்பீக்கரில் போடுகிறேன், சத்தமாக அப்பா என்று கூப்பிடு. நான் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புகிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா