வராந்தாவில் வைத்த காட்டரிசி

நவம்பர் 30, ஞாயிறு

வான்கோழி எலும்புகளைப் போட்டு சூப் வைத்திருக்கிறேன். வீட்டில் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்தின் வாசனை இன்னும் போகவில்லை. மகள் டெஸ் மதியமே கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். மான் வேட்டைக்குக் கடைசி நாள் என்று காட்டுக்குப் போன டேரல் வெறுங்கையோடு வந்து சோபாவில் கிடக்கிறான். "மான் எல்லாம் லீவுல போயிருச்சு போல" என்கிறான். வருஷா வருஷம் என் புருஷனுக்கு இதே பேச்சு.

ஞாயிறு என்றால் டிவியில் ஃபுட்பால் மேட்ச் முடிந்த கையோடு அப்பா ஃபோன் செய்வார். அம்மா போனதிலிருந்து ஒரு வாரமும் தவறியதில்லை. இன்று செய்யவில்லை. நானும் செய்யவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

நல்ல பனி. ஸ்கூல் பஸ்ஸை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினேன். பிள்ளைகள் எல்லாம் தூங்கி வழிந்தார்கள். நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

சரி. எழுதித் தொலைக்கிறேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு அப்பா ஆர்டிஸை அழைத்து வந்தார். அம்மா இறந்த பிறகு இது இரண்டாவது தேங்க்ஸ்கிவிங். ஆர்டிஸ் கணவனை இழந்தவர், அப்பா போகிற சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் பரிமாறுகிறவர். கோடையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகச் சீட்டாடுகிறார்கள். சீட்டாட்டத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

அதற்கு முந்தின வாரம் அப்பா ஃபோனில் சொன்னார்: "ஆர்டிஸ் காட்டரிசி செஞ்சு எடுத்துட்டு வரேங்கறா. வடக்க அவ அண்ணன் ஏரில படகுல போய் அடிச்சுக் கொண்டு வர்ற அரிசி. காளான் போட்டு செய்வா, பிரமாதமா இருக்கும். இந்த வருஷம் அந்தப் பூரணத்த விட்டுரு மார்னி. உனக்கும் வேல மிச்சம்."

அந்தப் பூரணமாம். வான்கோழிக்குள் அடைக்க அம்மா செய்யும் ரொட்டிப் பூரணம். முதல் நாளே ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் காயப்போட்டு, வெங்காயத்தையும் செலரியையும் வெண்ணெயில் வதக்கி... அது இல்லாத தேங்க்ஸ்கிவிங் மேஜையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஏதோ பக்கத்து வீட்டுப் பண்டம் மாதிரி 'அந்தப் பூரணம்' என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதெல்லாம் ஒரு வேலையே இல்லப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆர்டிஸ் நீல மூடி போட்ட பீங்கான் பாத்திரத்தோடு வந்து நின்றார். "ஓவன்ல கொஞ்ச நேரம் வச்சா போதும்மா. இடமில்லேன்னாலும் பரவாயில்ல" என்றார். ஃபிரிட்ஜில் எள் போட இடமில்லைதான். இந்த ஊரில் அன்றைக்கு யார் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும்? பின்பக்க வராந்தாவின் குளிர்தான் எங்களுக்கெல்லாம் இரண்டாவது ஃபிரிட்ஜ். பியர், கிரான்பெர்ரி, பூசணி இனிப்பு எல்லாம் அங்கேதான் வரிசையாக இருந்தன. "வராந்தாவுல வைக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனேன். அதுவரை தப்பில்லை.

மற்றதெல்லாம் இருந்த பெஞ்சில் நான் அதை வைக்கவில்லை. பனிக்கு வாசலில் தூவுகிற உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினேன். டேரலின் பழைய ஆரஞ்சு வேட்டைக் கோட்டை எடுத்து அதன் மேல் போட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உருளைக்கிழங்கை மசித்தேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொருவராக நன்றி சொன்னோம். டெஸ் பரீட்சை முடிந்ததற்கு. டேரல் முழங்கால் வலி குறைந்ததற்கு. ஆர்டிஸ், "என்னையும் இந்த மேஜையில சேத்துக்கிட்டதுக்கு" என்றார். அடுத்தது என் முறை. குடும்பம் ஒன்றாக இருப்பதற்கு நன்றி என்றேன். அப்படியே, கண்ணை மூடிக்கொண்டு. எனக்கு வாய் எப்படி வந்தது?

பாத்திரங்கள் கை மாறத் தொடங்கியதும் அப்பா மேஜையை ஒரு சுற்றுப் பார்த்தார். "மார்னி, அரிசி எங்க?"

"அய்யோ, வராந்தாவுலயே மறந்துட்டேம்பா. இந்நேரம் கல்லா உறைஞ்சிருக்கும்."

"உறைஞ்சா என்ன, சுட வச்சுக்கலாம்." அப்பா எழுந்துவிட்டார்.

ஆர்டிஸ் அவர் சட்டைக் கையைப் பிடித்தார். "விடுங்க வெர்ன். ஊருக்கே போடற அளவு சாப்பாடு இருக்கு. உக்காருங்க." பிறகு பூரணத்தை இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டு, "இது உங்கம்மா பக்குவமா? ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

தேங்க்ஸ் என்றேன். கூசவே இல்லை.

டிசம்பர் 3, புதன்

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் கிளம்பும்போது நான் வேண்டுமென்றே அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. கை நிறைய சோப்பு நுரை, அங்கிருந்தே டாட்டா காட்டினேன். பாத்திரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், அரிசியைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடலாம் என்று வராந்தாவுக்குப் போனேன். கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால் போயிற்று.

உப்பு மூட்டைக்குப் பின்னால் வெறும் தரை. கோட்டு ஆணியில் தொங்கியது, பட்டன் எல்லாம் போட்டு.

குப்பையைக் கிளற வரும் ரக்கூன் ஏதாவது இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். கோட்டுக்குப் பட்டன் போட்டு மாட்டிவிட்டுப் போகிற ரக்கூன்.

டிசம்பர் 5, வெள்ளி

பொறுக்க முடியாமல் டெஸ்ஸைக் கூப்பிட்டேன். பரீட்சை, சாப்பாடு, குளிர் என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் அரிசிப் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? ஆர்டிஸ்தான் எடுத்துட்டுப் போனாங்க. பூட்ஸ் போட வராந்தாவுக்கு வந்தாங்க. நான் தாத்தாவோட தொப்பியத் தேடிட்டு இருந்தேன். கோட்டத் தூக்கிப் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க."

"உன்னப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. சிரிச்சாங்க. 'தாத்தாவுக்கு நாளைக்குச் சாப்பாடு ஆச்சு'ன்னாங்க." பிறகு கேட்டாள்: "அம்மா, நீதான் அங்க வச்சியா?"

"பெஞ்சுல இடமில்லடி."

"கோட்டு?"

"குளிருக்கு."

"அரிசிக்குக் குளிருமா?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமெல்லாம் ஆகவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். போன வாரம் மறந்துவிட்டாராம். அப்பாவாவது மறப்பதாவது.

"அரிசிய நீயே ஆர்டிஸ்கிட்டக் குடுத்து அனுப்பிட்டியாமே, அப்பா வச்சு வச்சு சாப்பிடட்டும்னு. நல்ல காரியம் பண்ணினே மார்னி. அத்தனையும் நான்தான் தின்னேன்."

அப்படியா சொன்னார் ஆர்டிஸ்?

பிறகு அப்பா தொண்டையைச் செருமினார். "கிறிஸ்துமஸுக்கு அவ நம்மகூட வரலையாம். வடக்க அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். இந்த வாரம் சீட்டாடவும் வரல. 'கொஞ்ச நாள் ஆறப்போடுவோம் வெர்ன், உங்க பொண்ணுக்கும் நேரம் வேணும்'ங்கறா. எனக்கு ஒண்ணும் புரியல. அன்னிக்கு நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா? நீ பக்கத்துலதானே இருந்தே?"

"இல்லப்பா. நீங்க ஒண்ணும் சொல்லல."

"பின்ன ஏன்?"

"தெரியலப்பா."

ராத்திரி என்ன சாப்பிடப்போகிறீர்கள் என்று கேட்டேன். டப்பா சூப்பாம்.

பாவி. என்ன பொம்பள நான்? அம்மா போனப்புறம் அந்த வீட்டுல அந்த மனுஷன் சிரிச்சே ஒரு வருஷம் ஆச்சு. இப்பத்தான் ரெண்டு மாசமா ஃபோன்ல ஜோக் அடிக்க ஆரம்பிச்சாரு. அதுல மண்ண அள்ளிப் போட்டுட்டேன். போட்டுட்டு, தெரியலப்பான்னு சொல்றேன். தப்பு தன்னோடதுன்னு அவரு உக்காந்து யோசிச்சிட்டு இருக்காரு, நான் ஃபோனக் காதுல வச்சுக் கேட்டுட்டு இருக்கேன் —

டிசம்பர் 8, திங்கள்

டேரலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டுக் கேட்டான், எதற்கும் டிவியை அணைக்கிற ஆள் இல்லை அவன். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றான். அவ்வளவுதான்.

டிசம்பர் 10, புதன்

இன்று ஆர்டிஸ் வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தேன். போகவில்லை. சளி பிடிக்கிற மாதிரி இருந்தது. இல்லை, பயம்தான்.

டிசம்பர் 13, சனி

போய்விட்டு வந்தேன்.

ஆர்டிஸ் வாசல் நடைபாதையில் பனி வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. உள்ளே உட்கார வைத்துக் காப்பி ஊற்றினார். ஒரு தட்டில் பிஸ்கட்டும் வைத்தார். எங்கள் ஊர் ஆட்கள் கழுத்தை அறுக்க வந்தவனுக்கும் காப்பி கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

"என்ன மன்னிச்சிருங்க" என்றேன்.

"எதுக்குன்னு நீயே சொல்லும்மா. நானா ஊகிச்சுக்க விரும்பல."

சொன்னேன். உப்பு மூட்டை, கோட்டு, குப்பையில் கொட்ட நினைத்தது வரைக்கும்.

"எனக்குக் கோவம் வரல மார்னி. வெக்கமா இருந்தது. இந்த வயசுல, கூப்பிடாத வீட்டுக்குப் போய் உக்காந்துட்டு வந்த மாதிரி. அந்த மேஜையில நன்றி வேற சொன்னேன்."

"அப்பாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் குடுத்தேன்னு?"

"கார்ல ஏறினதும் 'என் பொண்ணு எப்படிச் சமைச்சிருக்கா பாத்தியா'ன்னாரு. அந்த முகத்தப் பாத்துட்டு வேற என்னம்மா சொல்றது?" காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு உங்கம்மா நாற்காலி காலியா இருந்தது. அதுல உக்காரக் கூடாதுன்னு டேரல்கிட்ட மடக்கு நாற்காலி கேட்டு வாங்கி ஓரத்துல உக்காந்தேன். கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. அன்று முழுக்க அந்த நாற்காலியில் இவர் உட்கார்ந்துவிடுவாரோ என்றுதான் பொருமிக்கொண்டிருந்தேன். உட்காரவில்லை என்பதைப் பார்க்கவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வாங்க என்றேன். தலையாட்டவில்லை. "உனக்காக ஒரு பொய் சொன்னேன். இன்னொண்ணு என்னால ஆகாது. அவரு தெனமும் கேக்கறாரு. முதல்ல உங்கப்பாகிட்டப் போ."

வாசல் வரை வந்து, வழுக்கும் பார்த்துப் போ என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்தேன் என்றால், என்னைப் போல ஒரு ஜென்மம் உண்டா?

டிசம்பர் 14, ஞாயிறு

அப்பா வீட்டில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு, "என்ன, சொல்லாம கொள்ளாம வந்திருக்கே" என்றார். உட்காராமல் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

"கோட்ட வேற போட்டு மூடினியா" என்றார்.

"ஆமாப்பா."

"பூரணத்த விட்டுருன்னு நான் சொன்னது தப்புதான். இப்பத் தெரியுது. அத நீ என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். உங்கம்மா சொல்லியிருப்பா. கரண்டியாலயே ஒண்ணு போட்டிருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அரிசிய விடு. ஒளிச்சு வச்சே, ஒரு கிறுக்கு, போகட்டும். போன ஞாயித்துக்கெழம நான் என்ன தப்பு பண்ணேன்னு உன்கிட்டக் கேட்டேன் பாரு. கெஞ்சாத குறையா. தெரியலப்பான்னே."

அப்பா குரல் உடைந்து நான் கேட்டதில்லை. அம்மா சாவுக்குக்கூட இல்லை. கிட்டே போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னிக்குப் போ மார்னி. நானே கூப்பிடறேன்."

டிசம்பர் 17, புதன்

கூப்பிடவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

மேட்ச் முடிந்து, அடுத்த மேட்ச்சும் முடிந்தது. ஃபோனை மடியிலேயே வைத்திருந்தேன். டேரல் தன் செல்லிலிருந்து எனக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தான், மணி வேலை செய்கிறதா என்று. வேலை செய்கிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

அப்பா!

"கிறிஸ்துமஸ் இந்த வருஷம் இங்க. ஆர்டிஸ் வடக்க போகல. சமையல் நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம். நாலு மணிக்கு வந்துருங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் என்னப்பா செஞ்சு எடுத்துட்டு வரட்டும்? உருளைக்கிழங்கா? கிரேவி? இல்ல, வேணும்னா —"

"ஒண்ணும் செய்ய வேணாம். பன் வாங்கிட்டு வா. கடையில வாங்கினதே போதும்."

பன்.

எங்கள் பக்கம் விருந்துக்கு யாரிடம் பன் வாங்கி வரச் சொல்வார்கள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அடுப்பு பற்றவைக்கத் தெரியாத கல்யாணமாகாத சித்தப்பாவிடம். பெண் முதல் முறையாகக் கூட்டி வரும் பையனிடம். கையை நம்ப முடியாதவர்களிடமும் வீட்டுக்குப் புதியவர்களிடமும். அந்த வீட்டு அடுக்களையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று சமையல் கற்றுக்கொண்டவள் நான்.

"சரிப்பா" என்றேன். "எத்தன?"

"ஒரு டஜன் போதும்."

பின்னாலிருந்து ஆர்டிஸின் குரல் கேட்டது. "ரெண்டு டஜன் சொல்லுங்க வெர்ன். டெஸ்ஸும் வர்றா இல்ல."

"ரெண்டு டஜனாம்" என்றார் அப்பா.

டிசம்பர் 25, வியாழன்

நேற்று கடையில் ஒரே கூட்டம். பன் கிடைத்துவிட்டது. நல்லதாகப் பார்த்து எடுத்தேன், ஓரம் நசுங்காததாக. டெஸ் ஒன்றை எடுக்கப் போனாள், கையில் அடித்தேன்.

டேரல் காரின் மேல் பனியைத் தட்டிக்கொண்டிருக்கிறான். அப்பா வீட்டுக்கு நான் இதுவரை நேரம் பார்த்துப் போனதில்லை. பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அடுக்களைக்குள் போய்த்தான் பழக்கம்.

இன்றைக்கு முன்பக்கமாகப் போய் மணி அடித்துவிட்டு நிற்க வேண்டும். யாராவது வந்து திறப்பார்கள்.